முப்பத்திரண்டாவது கருத்து

புந்தோங், ஈப்போ
5.10.2025

அன்புள்ள எல்ஸி அம்மாவுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சில எழுத்து கோட்டுக்கு மேலே ஏறி நிற்கும். சில எழுத்து கீழே தொங்கும். 'ஞ' எழுதும்போது பேனா எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது இன்னும் மறந்துபோகிறது. இந்தக் கடிதத்துக்கு நான்கு நாள் ஆனது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது.

என் பெயர் பத்துமலை. வயது எழுபத்து நான்கு. பெல்வுட் ரப்பர் தோட்டத்தில் மூன்றாவது லயத்து வீட்டில் இருந்தேன். பால் வெட்டினேன். உங்கள் அப்பா, ஆபீஸ் கணக்கு எழுதிய ஆம்புரோஸ் கிராணி ஐயா, காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணும்போது தினமும் என் பெயரைக் கூப்பிடுவார். நீங்கள் அப்போது சின்னப் பிள்ளை. ஆபீஸ் படியில் உட்கார்ந்து, ஐயா கூப்பிடும் பெயர்களைத் திருப்பிச் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பீர்கள். இப்போது பாகான் செராயில் இருக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டுப் பிரமிளா சொன்னாள். விலாசமும் அவள்தான் உங்கள் வலைப்பூவில் பார்த்துக் கொடுத்தாள்.

போன வருடம் பிப்ரவரியில் கோவில் மண்டபத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் நான் படித்த முதல் பக்கம் உங்களுடையது. பதினாறு வருடமாக இருநூற்றுப் பதினான்கு பதிவு எழுதியிருக்கிறீர்கள். எப்படி அம்மா முடிந்தது? ஒரு கடிதத்துக்கே எனக்கு விரல் வலிக்கிறது. எந்த வீட்டுக் கதவு எந்த நிறம் என்பதுகூட அதில் இருக்கிறது. என் பெயரும் இருக்கிறது. கிராணி ஐயா தொழிலாளிகளுக்கு ஆபீஸில் நடத்திய மாலைப் பள்ளியைப் பற்றிய பதிவில், 'மண்டையில் ஏறாத பத்துமலை' என்று. என் பெயரை நானே படித்தது அங்கேதான் முதல் தடவை. அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வலைப்பூவை வைத்திருக்கும் நிறுவனம் நவம்பர் 30-ஆம் தேதி மூடுகிறது, பதிவுகளை வேறு இடத்துக்கு மாற்றுகிறேன், கீழே உள்ள கருத்துகள் வராது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அம்மா, பிரமிளா என்ற பெயரில் உங்கள் பதிவுகளுக்குக் கீழே முப்பத்தொரு கருத்து இருக்கிறது. அவற்றைச் சொன்னவள் பிரமிளா இல்லை. என் மனைவி செல்லாயி. அவளுக்கும் எழுதத் தெரியாது. கொரோனாவுக்காகப் பிகேபி போட்டு யாரும் வெளியே போக முடியாதபோது, பிரமிளா வேலிக்கு அந்தப் பக்கம் தையல் மெஷினை வைத்துக்கொண்டு உங்கள் பதிவுகளைச் சத்தமாகப் படிப்பாள். செல்லாயி இந்தப் பக்கம் நாற்காலியில் இருந்து பதில் சொல்வாள். பிரமிளா தன் போனில் அடித்து அனுப்புவாள். உள்ளே எனக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கும். என்ன சொன்னாய் என்று கேட்டால், "ஊருக்கே சொல்லியிருக்கேன், படிச்சுப் பாத்துக்குங்க" என்பாள்.

அவள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பிரமிளா படித்துக் காட்டுகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். படிச்சுப் பாத்துக்குங்க என்றுதானே சொன்னாள். பத்தொன்பது படித்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாளாகிறது. நீங்கள் போட்டிருந்த ஓர் ஆட்டுப் படத்துக்குக் கீழே அவள் சொன்னது இது: "படத்துல இருக்கிற ஆடு எங்களோடது. பக்கத்துல நிக்கிறவரும் எங்களோடதுதான். ஆடு கொஞ்சம் அழகா விழுந்திருக்கு."

மீதியையும் நான் படிக்க வேண்டும். படித்ததையும் திரும்பப் படிக்க வேண்டும். முடிந்தால் அவற்றையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
பத்துமலை

*

பாகான் செராய்
13.10.2025

மதிப்பிற்குரிய பத்துமலை அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கையெழுத்துக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். அரசாங்க கிளினிக்கின் மருந்துக் கவுண்டரில் முப்பது வருடமாக டாக்டர்களின் எழுத்தைப் படிப்பவள் நான். உங்களுடையது முத்து. நீங்கள் படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நானும் பெரிதாக எழுதுகிறேன். என்னை அம்மா என்று கூப்பிடாதீர்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரமிளா யாரோ வாய்த்துடுக்கான ஓர் இளம்பெண் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். தோட்டத்து மீன்காரர் சனிக்கிழமை வருவார் என்று ஒருமுறை எழுதினேன். கீழே வந்த பதில் இன்னும் நினைவிருக்கிறது: "ஞாயித்துக்கிழமைலா. கிராணி வீட்டுல எல்லா நாளும் மீன் இருந்திருக்கும், அதான் கிழமை தெரியல." கோபம் வந்தது. அப்புறம் பதிவைத் திருத்தினேன், ஏனென்றால் ஞாயிறுதான் சரி. அது செல்லாயி அக்கா என்று தெரிந்திருந்தால் நேரில் வந்து திட்டு வாங்கியிருப்பேன்.

கருத்துகளை விட்டுவிடலாம் என்று நினைத்ததற்குக் காரணம் அசதிதான். பழைய இடத்திலிருந்து எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கி, புதிய இடத்தில் ஏற்ற வேண்டும். கேட்க எளிது. ஏற்றிப் பார்த்தால் 2009-இல் எழுதியவை எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன, அப்போது நான் பயன்படுத்தியது பழைய எழுத்துரு. படங்கள் வரவே இல்லை, படம் இருந்த இடத்தில் வெறும் சட்டம் நிற்கிறது. ஒவ்வொன்றாக மறுபடி போடுகிறேன். கருத்துகளைச் சேர்த்து ஏற்றினால், எல்லாம் இன்றைய தேதியில் யாரோ ஒரே ஆள் எழுதியது போல் வந்து விழுகின்றன. ஆனால் வழி இருக்கிறதாம். தேடுகிறேன். முப்பத்தொன்றையும் கொண்டுவருவேன், இது என் வாக்கு.

பதிலுக்கு எனக்கு ஓர் உதவி. அப்பாவின் கேமராவில் எடுத்த ஆறு படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். அவற்றில் இருப்பவர்களின் பெயர் எனக்குத் தெரியாமல் பொதுவாக எழுதி வைத்தவை. புதிய இடத்திலாவது பெயரோடு போக வேண்டும். பின்பக்கம் எழுதி அனுப்புவீர்களா?

அன்புடன்,
எல்ஸி

*

புந்தோங்
26.10.2025

அன்புள்ள தங்கச்சி எல்ஸிக்கு,

தீபாவளிக்கு ஜொகூரிலிருந்து மகன் ஜெயபாலன் குடும்பத்தோடு வந்துபோனான். அதனால்தான் தாமதம். உங்கள் கடிதத்தை அவனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு லெட்டர் வருதா" என்றான். வருகிறது, நான் பதிலும் போடுகிறேன் என்றேன். ஐம்பத்தொரு வயது ஆள், முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்க மறந்துவிட்டான்.

ஆறு படத்துக்கும் பின்னால் பெயர் எழுதிவிட்டேன். நாற்பத்து மூன்று பேர். மூன்று பேரின் முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. அவர்களுக்குக் கோடு போட்டு விட்டிருக்கிறேன். ராக்காயி இரண்டு படத்தில் இருக்கிறாள், இரண்டிலும் கண்ணை மூடியிருக்கிறாள். எங்களை மேய்த்த மண்டோர் அப்பாவு சட்டைப் பித்தானைத் தப்பான துளையில் போட்டிருக்கிறார், அதை நீங்கள் எழுத வேண்டாம்.

உங்கள் வேலையைப் பிரமிளாவிடம் சொன்னேன். வீடு மாறும்போது அலமாரியை மட்டும் லாரியில் ஏற்றிவிட்டு, உள்ளே இருந்த துணியை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப்போவது மாதிரி என்றாள். அப்படியா? இருநூற்றுப் பதினான்கு அலமாரி. உங்கள் பொறுமையை நினைத்தால் நான் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

இருபத்து நான்கு படித்துவிட்டேன். நேற்றுப் படித்தது திடலில் திரை கட்டிக் காட்டிய சினிமாவைப் பற்றியது. தோட்டத்துச் சனங்களுக்கு இடம் போதாமல் நாங்கள் திரைக்குப் பின்னால் உட்காருவோம். அதற்கு அவள் சொல்லியிருக்கிறாள்: "பின்னாடி இருந்து பாத்த எங்களுக்கு, எல்லாக் கதாநாயகனும் இடது கைக்காரன்." ஐம்பது வருடம் அவளோடு இருந்தேன். இதை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிரமிளா சொல்கிறாள்: "அத்தை சொன்னது முப்பத்திரண்டு மாமா. கடைசி ஒண்ணு ஏறவே இல்ல." அதைச் சொன்ன பிறகு செல்லாயி தினமும் வேலியோரம் வந்து, "கிராணி மக போட்டாளா?" என்று கேட்பாளாம். படுக்கையில் விழுந்த பிறகும் கேட்டாளாம். என்ன சொன்னாள் என்று கேட்டால் பிரமிளா சொல்ல மாட்டேன் என்கிறாள். மாமா படிக்கட்டும், நான் சொன்னா அத்தை அடிக்க வருவாங்க என்கிறாள். உங்கள் கோப்பில் எங்காவது கிடக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
பத்துமலை

*

பாகான் செராய்
3.11.2025

பத்துமலை அண்ணனுக்கு,

படங்கள் கிடைத்தன. நன்றி. பெயர்களை ஏற்றத் தொடங்கிவிட்டேன்.

கருத்துகள் இப்போது அவரவர் பெயரிலும் தேதியிலும் வருகின்றன. பிரமிளா பெயரில் முப்பத்தொன்று. எண்ணிப் பார்த்துவிட்டேன். நீங்கள் கேட்ட இன்னொன்று வலைப்பூவில் இல்லை. அந்தக் காலத்தில் சில கருத்துகள் வந்து சேராமல் போவதும் உண்டு.

நான்காவது படத்தில் ஒரு சந்தேகம். 'குழாயடியில் பெண்கள்' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். நீங்கள் பதினொரு பெண்களின் பெயரை எழுதிவிட்டு, கடைசியில் 'நான்' என்று எழுதியிருக்கிறீர்கள். உருப்பெருக்கிப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் தோளில் காண்டாக் கம்பும் அதன் இரு முனையில் தொங்கும் இரண்டு தகரமுமாக ஓர் ஆள் நிற்பது உண்மைதான். அது நீங்களா? நிச்சயமாகத் தெரியுமா?

கிளினிக்கில் வேலை அதிகம். சுருக்கமாக முடிக்கிறேன்.

எல்ஸி

*

புந்தோங்
9.11.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான்தான். நிச்சயமாகத் தெரியும். இரண்டாவது தகரத்தில் ஓட்டையை அடைத்த தார் தெரிகிறது பாருங்கள், அது நான் அடைத்தது. தண்ணீர் பிடிக்கப் போயிருப்பேன். லயத்தில் குழாய் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திறக்கும், ஒரு மணி நேரம். கொஞ்ச நாள் எங்கள் வீட்டுக்கு நான் தூக்கினேன். பெண்களுக்கு நடுவில் ஓர் ஆண் நின்றதால் கேலியும் நிறையக் கிடைத்தது. படத்தில் சிரித்துக்கொண்டுதானே நிற்கிறேன்?

முப்பத்திரண்டாவது இல்லையென்றால் போகட்டும். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம். உங்கள் போன கடிதம் சின்னதாக இருந்தது. நான் தப்பாக எதையாவது கேட்டுவிட்டேனோ என்று மறுபடி மறுபடி படித்தேன். எழுதப் புதிதாகக் கற்றவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

முப்பத்தொன்றையும் முடித்துவிட்டேன். முடித்த அன்று கோவிலுக்குப் போய்விட்டு, வகுப்பில் இருக்கும் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு இவ்வளவு பேச்சு இருந்தது, அதைக் கேட்க நீங்கள் ஒரு இடம் வைத்திருந்தீர்கள். அது போதும். பெரிய காரியம் செய்திருக்கிறீர்கள், தங்கச்சி. நீங்கள் அதைச் சின்னதாக நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பத்துமலை

*

பாகான் செராய்
17.11.2025

அன்புள்ள பத்துமலை அண்ணே,

போன கடிதத்தில் நான் பொய் எழுதினேன். 'வலைப்பூவில் இல்லை' என்றது சொல்லளவில் சரி. வந்து சேராமல் போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

எனக்கு வரும் கருத்துகளை நான் பார்த்து அனுமதித்தால்தான் அவை வெளியே தெரியும். அது 2021 ஆகஸ்டில் வந்தது. அப்பா ஜூலையில் இறந்திருந்தார். தொற்றுக் காலம், நாங்கள் ஐந்து பேர்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போக முடிந்தது. வேறெப்படியும் அவரை வழியனுப்ப முடியாததால் அந்த மாலைப் பள்ளிப் பதிவை எழுதினேன். அவர் சிரித்துக்கொண்டே சொல்லும் உங்கள் கதையையும் அதில் போட்டேன். மூன்றாம் நாள் பிரமிளா பெயரில் இது வந்தது. அப்பாவைக் குறை சொல்லும் வரியில் என் கண் நின்றுவிட்டது. மற்றதை நான் சரியாகப் படிக்கவே இல்லை. அனுமதிக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

புதிய இடத்தில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்ததும், பக்கத்தின் உச்சியில் முதல் வரியாக இது தெரிந்தது: 'ஒரு கருத்து உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கிறது.' நான் கூட்டி வராமலே அது வந்துவிட்டது. உங்கள் இரண்டாவது கடிதம் வந்தபோதே எனக்குத் தெரியும், அண்ணே. அப்போதும் திறக்கவில்லை. அந்தக் குழாயடிப் படத்தின் பின்னால் 'நான்' என்று நீங்கள் எழுதியதையும், ஆறு மணி என்று எழுதியதையும் பார்த்த பிறகுதான் திறந்தேன்.

ஒரு எழுத்தும் மாற்றாமல் கீழே எழுதியிருக்கிறேன்.

"கிராணி ஐயா மக எல்ஸிக்கு. பத்துமலைக்குப் படிப்பு மண்டையில ஏறல, ரெண்டாம் நாளே நின்னுட்டான்னு போட்டிருக்கீங்க. அது பொய். மொதல்ல அந்தப் பொய்ய சொன்னவ நான். எனக்கு ரெண்டு தடவ வயித்துல தங்கல. மூணாவது தடவ, கனம் தூக்கக்கூடாதுன்னு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொல்லிட்டாரு. பைப்புல தண்ணி வாரது ஆறு மணிக்கு. பள்ளிக்கூடமும் ஆறு மணிக்கு. ரெண்டாம் நாளு இவரு சிலேட்ட வச்சுட்டுத் தகரத்த எடுத்தாரு. குழாயடியில ஏன்னு கேப்பாங்க. வயித்துல இருக்குன்னு வெளிய சொல்ல எனக்குப் பயம், மறுபடி போயிட்டா என்ன செய்ய. அதான், படிப்பு ஏறாத மனுசன் தண்ணியாவது தூக்கட்டும்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. பையன் பொறந்து பேரனும் வந்தாச்சு, நான் மட்டும் அந்தப் பேச்ச திருப்பி எடுக்கல. உங்க அப்பா படிச்சவரு, பள்ளி நடந்த ஆபீஸ் ஜன்னல்ல இருந்து பாத்தா குழாயடி தெரியும். அவருமா சிரிக்கணும்? இத இங்க போடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு மண்டை இருக்கு. நல்ல மண்டை."

அவ்வளவுதான், அண்ணே. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார், நான் போடவில்லை. இதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை. அப்பாவின் பதிவிலிருந்து உங்களைப் பற்றிய வரியை எடுத்துவிடுகிறேன். புதிய இடத்துக்கு அது வர வேண்டாம். நீங்கள் எனக்கு மறுபடி எழுதவில்லை என்றாலும் புரிந்துகொள்வேன்.

எல்ஸி

*

புந்தோங்
26.11.2025

அன்புள்ள தங்கச்சி எல்ஸிக்கு,

அந்தப் பக்கத்தைப் படிக்க எனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. கண் தானாக ஓடியது. பிறகு பிரமிளாவைக் கூப்பிட்டு, இந்தத் தடவை நான் சத்தமாகப் படித்தேன், அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். 'நல்ல மண்டை' வந்ததும் மெஷினை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பா போன மாதத்தில் யார் என்ன சொன்னாலும் காதில் ஒரே மாதிரிதான் விழும். அழிக்காமல் வைத்திருந்தீர்களே. ஒரு பட்டனை அழுத்தினால் போயிருக்கும் என்று பிரமிளா சொன்னாள். நாலு வருடம் நீங்கள் அழுத்தவில்லை.

அந்த வரியை எடுக்கக் கூடாது. இது என் உத்தரவு. என் பெயரை நான் முதலில் படித்த வரி அது. அதோடு, அது உங்கள் அப்பாவின் வரி. உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். செல்லாயிக்கும் தெரியாது.

செல்லாயிக்கு லேசான வேலை கொடுக்கச் சொல்லி டிரஸ்ஸர் எழுதிய சீட்டை அவள் அடுப்பில் போடச் சொன்னாள். யாருக்கும் தெரியக் கூடாதாம். நான் போடவில்லை. மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கிராணி ஐயாவிடம் கொடுத்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது, அவர்தான் படித்தார். படித்துவிட்டு மேசைக்குள் வைத்துப் பூட்டினார். நாளையிலிருந்து பள்ளிக்கு வர முடியாது ஐயா, தண்ணீர் பிடிக்க வேண்டும் என்றேன். அவர் சொன்னது: "நீ குழாய்க்குப் போடா. எவனாச்சும் கேட்டா நான் பாத்துக்கிறேன்."

மறுநாளே செல்லாயியை வெயிலிலிருந்து எடுத்து ஸ்டோரில் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு கழுவும் வேலையில் போட்டார். கிராணிக்கு என்ன திடீர் தயவு என்று அவள் பல வருடம் ஆச்சரியப்பட்டாள். பள்ளியில் ஆட்கள் என்னைப் பற்றிக் கேட்டபோது, அவன் மண்டையில் ஏறாது, விடுங்க என்று ஐயா சிரித்தாராம். குழாயடியில் செல்லாயி சொன்ன அதே பேச்சு. அவள் சொன்னது அவர் காதில் விழுந்து அதையே பிடித்துக்கொண்டாரா, அவராகவே சொன்னாரா, எனக்குத் தெரியாது. ஆனால் சாகும்வரை அந்தச் சீட்டைப் பற்றி உங்களிடம்கூடச் சொல்லவில்லை, பார்த்தீர்களா.

நான்காவது படத்தை இன்னொரு தடவை பாருங்கள். கீழ் ஓரத்தில் கறுப்பாக ஒரு கட்டை தெரிகிறது. அது ஆபீஸ் ஜன்னலின் கட்டை. பள்ளி நடக்கும்போது ஐயா உள்ளேயிருந்து எடுத்த படம் அது. பெண்களை மட்டும் எடுக்க நினைத்திருந்தால் என்னை வெட்டிவிட்டு எடுத்திருக்கலாம். நான் முழுதாக இருக்கிறேன், இரண்டு தகரத்தோடும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மேலே உங்கள் அப்பாவின் பதிவு, இருக்கிறபடியே. அதில் இந்தப் படத்தையும் வையுங்கள். கீழே செல்லாயி சொன்னது, அவள் பெயரில். பிரமிளா சரி என்றுவிட்டாள். மற்ற முப்பத்தொன்றுக்கும் செல்லாயி பெயரையே போடச் சொல்கிறாள், இத்தனை நாள் அத்தை புகழ் எல்லாம் எனக்கு வந்ததுலா என்கிறாள்.

அதற்கும் கீழே ஓர் இடம் வேண்டும். சீட்டை அடுப்பில் போடவில்லை என்று நான் செல்லாயிக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் கையால் எழுதி அனுப்புகிறேன், நீங்கள் ஏற்றுங்கள். பிறகு வழக்கம்போல நீங்கள் பார்த்து அனுமதிக்க வேண்டும். இரண்டு வரிதான் இதுவரை வந்திருக்கிறது. அவளிடம் ஒளித்தது என்று எழுத வந்தால், எந்த வார்த்தையில் தொடங்கினாலும் அவள் முறைக்கிற மாதிரியே இருக்கிறது. அடுத்த வாரத்துக்குள் எப்படியும் முடித்துத் தபாலில் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
மண்டையில் ஏறாத பத்துமலை